எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

2025 ஜூன் 5, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கத்திரி முடிந்து எட்டு நாள் ஆகியும் வெயில் இறங்கவில்லை. அந்த நேரத்துக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, கோட்டை மலைப் பக்கம் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் செத்துப்போனதாகக் கைப்பேசியில் படம் வந்தது அப்போதுதான்.

கறுப்புக் கரை போட்ட படம். மேலே இரண்டு மூலையிலும் எரிகிற குத்துவிளக்கு. நடுவில் என் முகம், பென்ஷனுக்காக ஸ்டுடியோவில் வெள்ளைச் சட்டையோடு எடுத்தது. தலைக்கு மேல் ‘கண்ணீர் அஞ்சலி’. தோற்றம் 5.6.1957, மறைவு 5.6.2025. அதற்கும் கீழே ‘ஆறாத் துயரில் வகுப்புத் தோழர்கள்’ என்று வட்டம் வட்டமாக முகங்கள். மூன்று முறை எண்ணினேன். எட்டு. ஒருவரும் விட்டுப்போகவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. அந்தப் படத்துக்காக நான் இரண்டு வருடம் பத்து மாதம் காத்திருந்தேன்.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டும். நிலம் அளக்கும் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு சென்ட் நிலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஊரான் நிலத்தைத்தான் சங்கிலி போட்டு அளந்தேன். அதற்கு முன்னால், பதினெட்டு வயதில், விழுப்புரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். இருநூற்றுப் பதினோரு நாள் போனேன். அதில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்றால் ஒருவரும் இல்லை. நைனா செத்ததும் படிப்பை விட்டேன். விட்டதற்கு நைனா சாவைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொன்னேன். அவர் உயிரோடு இருந்திருந்தாலும் விட்டிருப்பேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போய், மகன் ஓசூரில் தங்கிவிட்ட பிறகு, செஞ்சியிலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் பி.ஏ. வரலாற்றுக்குப் பணம் கட்டினேன். மாடிக்கு இருபத்தாறு படி. எனக்கு மூட்டு வலி, ரத்தக் கொதிப்பு, மாத்திரை நாளைக்கு ஐந்து. வகுப்பில் என்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். எனக்கு அடுத்த வயது முப்பத்தாறு.

அந்த இருபத்து மூன்றுக்குள் ‘செட்’ என்று ஒன்று இருந்தது. எட்டுப் பேர். பெரும்பாலும் பஜாரில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், அங்கே வேலை பார்க்கிறவர்கள். அதன் நடுநாயகம் பேனர் கடைக்காரன். பேனர் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது இரண்டும் அவன் கடையில். இருபத்தைந்து வயது, நல்ல வாய். அடுத்தது மொபைல் கடையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு அவனைவிட வாய் அதிகம். ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ்களை எல்லாம் நடுவில் வைத்துத் திறப்பார்கள். எல்லார் பாக்ஸிலும் எல்லார் கையும் போகும். நான் மூன்று ஞாயிறு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது ஞாயிறு, எலுமிச்சை சாதத்தை எட்டுப் பேருக்குச் சேர்த்துக் கிளறிக் கொண்டுபோனேன்.

“இன்னா சார், கல்யாண சமையலா?” என்றான் பேனர் கடைக்காரன். “வாங்க, இப்படிக் குந்துங்க.”

கல்லூரியில் சேர்ந்து நாற்பத்தேழு வருடம் கழித்துத்தான் என் பாக்ஸில் இன்னொருவர் கை பட்டது.

அதன் பிறகு செட்டுக்கு வேண்டிய எல்லாக் கணக்கு வேலையும் நான்தான் செய்தேன். வருகைப் பட்டியல், நோட்ஸ் பிரதி, வகுப்பு முழுவதற்குமான வாட்ஸாப் குழு. அட்மின் நான். அந்த உழைப்பைப் பார்த்து அவர்கள் என்னை ஒன்பதாவது ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று குறைந்தது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். செட்டில் எவனுக்குப் பிறந்த நாள் வந்தாலும் அன்று காலை அவனைச் சாகடிப்பார்கள். பேனர் கடைக்காரன் கண்ணீர் அஞ்சலி படம் செய்வான், எல்லாரும் ஸ்டேட்டஸில் வைப்பார்கள், ‘போய்ட்டியே மச்சான்’, ‘எண்ணூறு ரூபா கடன வாங்கிட்டுச் செத்துட்டியே பாவி’ என்று ஒப்பாரி வைப்பார்கள். மதியம் செத்தவன் வீட்டுக்கே போய் கேக் வெட்டுவார்கள். செட்டில் இல்லாதவனுக்கு ‘இனிய பிறந்த நாள் வாழ்த்துகள்’ என்று ரோஜாப்பூ படம் வரும். 2023இலும் 2024இலும் எனக்கு ரோஜாப்பூதான் வந்தது.

இந்த இடத்தில் தொண்டூர்க்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தாறு வயது என்றேனே, அவள்தான். கூலி வேலை செய்துகொண்டே படித்தவள். மெதுவாக எழுதுவாள், எதையும் இரண்டு தடவை கேட்பாள். முதல் நாளே, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாள்.

“நீங்க அனந்தபுரம் காலனிதான? எங்க சித்தப்பா பொண்ணு எடுத்த ஊரு. உங்க மூஞ்சிய நான் கல்யாணத்துல பாத்துருக்கறன். ஒரு வகையில நீங்க எனக்குப் பெரிப்பா ஆவணும்.”

பக்கத்தில் பேனர் கடைக்காரன் நின்றிருந்தான். அவன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் செஞ்சி. எனக்கு அனந்தபுரத்துல யாரும் கெடையாது” என்றேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் பிறந்த வீடு அந்தக் காலனியில் மூன்றாவது வரிசையில் இரண்டாவது.

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் வம்பு பண்ணவில்லை. ஞாயிறு தவறாமல் “சாப்டீங்களா பெரிப்பா” என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் செட் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அவளைத் தள்ளி வைக்கிற வேலையை நான் அளவோடு, ஒழுங்காகச் செய்தேன். வாட்ஸாப் குழுவில் அவள் எண்ணைச் சேர்க்கவில்லை. கேட்டபோது உன் போனில் ஏதோ கோளாறு என்றேன். ஒரு வகுப்புத் தோழியின் கல்யாணத்துக்கு எல்லார் படமும் போட்டுப் பேனர் அடித்தபோது, பதினொன்று பதினொன்றாக இரண்டு வரிசைதான் பார்க்க லட்சணமாக இருக்கும், இருபத்து மூன்றாவது முகத்துக்கு இடமில்லை என்று பேனர் கடைக்காரனிடம் சொன்னேன். யாரை எடுக்கலாம் என்றான். நான் சொன்னேன். கல்யாணத்தன்று அவள் அந்தப் பேனர் முன்னால் நின்று இடமிருந்து வலமாக, பிறகு கீழ் வரிசை என்று விரல் வைத்துப் பார்த்ததை நான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பார்த்தேன். இரண்டாம் பந்திக்கு அவள் நிற்கவில்லை.

மூன்றாவது வருடம் வந்தது. ஜூலையில் கடைசிப் பரீட்சை. அதற்குப் பிறகு வகுப்பே இல்லை. மே மாதக் கடைசி ஞாயிறு, சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“ஏம்பா, எல்லாரையும் சாகடிக்கறீங்க. என்ன மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?”

பேனர் கடைக்காரன் கையில் எடுத்த முட்டையை வைத்துவிட்டான். “சார், எங்களப் போட்டா ஜோக்கு. உங்களப் போட்டா நியூஸு.”

“பென்ஷன் நின்னுடும் சார்” என்றாள் மொபைல் கடைப் பெண். “அப்புறம் எலுமிச்சை சாதத்துக்கு நாங்க எங்க போறது?”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“நின்னா நிக்கட்டும். நான் செட்டுல இருக்கறனா இல்லயா? அத சொல்லுங்க.”

“இன்னா சார், சாவறதுக்குப் போயி இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க” என்றான் பேனர் கடைக்காரன்.

“இதான் கடைசி பொறந்த நாளு.”

“அப்படிலாம் சொல்லாதீங்க சார், உங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு வருது” என்றாள் அவள். அதற்கும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் பேனர் கடைக்காரன், “சரி, போட்டோ அனுப்புங்க. நல்லா தெளிவா இருக்கணும்” என்றான். அன்று மாலையே அனுப்பினேன்.

ஜூன் 5 என்ற அந்தத் தேதிகூட நான் பிறந்த நாள் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் வந்ததை எழுதினார். ஆனாலும் காலையிலேயே குளித்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பாரிகளைப் படித்தேன். ஒன்பது மணிக்குள் பதினாறு வந்திருந்தன. ‘சங்கிலியோட போயி சொர்க்கத்த அளந்துடாதீங்க சார்’ என்று ஒருவன். ‘எமனே ஏணிப்படி ஏறி மூச்சு வாங்கிட்டானாம்’ என்று இன்னொருவன். ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதி வைத்தேன்.

பன்னிரண்டு பத்துக்குச் செட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கேக் ஒரு கிலோ. பேனர் கடைக்காரன் அந்தக் கண்ணீர் அஞ்சலியை இரண்டடிக்கு மூன்றடி அளவில் அச்சடித்தே கொண்டுவந்து, என் வீட்டு வாசல் கதவில் ஒட்டினான். “செத்தவருக்கு ஒரு மரியாத வேணாமா சார்?” என்றான். என் தலையில் காகிதத் தொப்பி வைத்தார்கள். மூக்கில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்துக்கொண்டேன். மொபைல் கடைப் பெண் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கேக்கில் வைத்த நேரம், வாசலில் ஆட்டோ நின்றது.

தொண்டூர்க்காரி இறங்கினாள். ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் நியூஸ் பேப்பரில் சுற்றிய பொட்டலம். கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததுமே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள், நகக்கண் எல்லாம் செம்மண். “பெரிப்பா” என்று குரல் எடுத்தபடி உள்ளே வந்தவள், தொப்பியும் பஞ்சுமாக நான் கத்தியோடு நிற்பதைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை, குழுவில் அவளைச் சேர்க்காதவன் நான். நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கப் போய்ப் போய் பேனர் கடைக்காரன் எண் அவள் போனிலும் அவள் எண் அவன் போனிலும் இருந்திருக்கிறது. களத்தில் காலைக் கஞ்சி குடிக்கும்போது அவன் ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறாள்.

மொபைல் கடைப் பெண்தான் முதலில் சிரித்தாள். அதோடு ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அக்கா, கரெக்டா டைமுக்கு வந்துட்டீங்க. மாலையப் போடுங்க, போட்டோ எடுத்துக்கறன்” என்றான் பேனர் கடைக்காரன்.

“அழுங்கக்கா, ஏன் நிறுத்திட்டீங்க? வீடியோ ஓடினுகிது” என்றாள் மொபைல் கடைப் பெண்.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் செய்திருக்கக்கூடியவை நிறைய. பஞ்சை எடுத்திருக்கலாம். உட்காரச் சொல்லியிருக்கலாம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம். அறையில் ஏழு பேர், ஏழும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கழுத்தை நீட்டினேன், மாலை போட வசதியாக. சிரிப்பு இரண்டு மடங்கானது.

அவள் மாலையைப் போடவில்லை. கேக்குக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து அதையும் வைத்தாள். புது வேட்டி, ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

“கோடி வேட்டி. புள்ள ஓசூருல இருக்கறான், வந்து சேர நேரமாவும். அதுக்குள்ள உனுக்குக் கோடி போட ஒரு சொந்தக்காரனும் இருக்க மாட்டான்னு நெனச்சன். அதான் எடுத்துட்டு வந்தன்” என்றாள்.

“சொந்தமா? சார் இவங்களுக்குச் சொந்தமா?” என்று பாத்திரக் கடை வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்.

“யாரு சொன்னா?” என்றேன் நான். “இது கிளாஸ்ல கூடப் படிக்குது, அவ்ளோதான்.”

அவள் குரலை ஏற்றவில்லை. “அனந்தபுரம் காலனி, மூணாவது வரிச. இவுரு நைனா செத்தப்போ எங்க சித்தப்பாதான் பாடைக்கு மூங்கில் வெட்டுனது. கேட்டுப் பாருங்க.”

செட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தேவையிருக்கவில்லை. மொபைல் கடைப் பெண் போனைக் கீழே இறக்கினாள்.

நான் பஞ்சை எடுத்தேன். “இப்ப இன்னா வேணும் உனுக்கு?” என்றேன்.

“காசு” என்றாள். “சாவுக்குன்னு செஞ்சன். நீ சாவல. எங்காசக் குடு. மால நூத்தியம்பது. வேட்டி இருநூத்தி அறுவது. பஸ்டாண்டுலருந்து ஆட்டோ நாப்பது. பஸ்ஸு ப்ரீ, அது வாணாம். பாதி வேலைல வந்ததுக்குக் கூலி குடுக்க மாட்டான், அது முந்நூறு.”

எழுநூற்று ஐம்பது. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கூட்டிவிட்டேன். அதன் பிறகு நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் இந்த மூன்று வருடக் கதையில் எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதுகிறேன்.

“இந்த மால பஜார்ல நூத்தியிருவதுதான்” என்றேன்.

“செத்தவனுக்கு நூத்தியிருவது” என்றாள். “எடு.”

பெட்டியைத் திறந்து எடுத்தேன். ஒரு ஐந்நூறு, இரண்டு நூறு, ஒரு ஐம்பது. அவள் எச்சில் தொட்டு எண்ணினாள். மாலையையும் வேட்டியையும் சுட்டி, “காசு குடுத்துட்ட, இது உன்னுது” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போகிற போக்கில் கதவில் ஒட்டியிருந்த படத்தின் ஒரு மூலை பிரிந்து தொங்கியதை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

கேக்கை வெட்டினோம். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் தின்னாமல் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு வீடு காலியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதத்தோடு போனேன். செட் கை கழுவிக்கொண்டிருந்தது. “சாப்டாச்சு சார்” என்றான் பேனர் கடைக்காரன். மூன்று வருடமாக ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்கள். அதற்கு அடுத்த ஞாயிறு நான் பன்னிரண்டுக்கே போனேன். அன்றும் சாப்பிட்டாயிற்று. வாட்ஸாப் குழுவில் பதினோரு நாளாக ஒரு செய்தியும் இல்லை. இன்னொரு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் இருபத்தொரு பேர்.

அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “நாங்க வெளாட்டுக்குச் செஞ்சோம் சார். நீங்க அந்தக்காகிட்ட மாலைக்குப் பேரம் பேசுனீங்க பாருங்க, அது எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு” என்றான். என் கண்ணைப் பார்க்காமல் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துச் சொன்னான். பேரம் பேசியதற்காகவா, மூன்றாவது வரிசைக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் அவன் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பான்.

அந்த இருபத்தொரு பேரில் அவளும் இல்லை. அழைத்தார்கள், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. பரீட்சை ஹாலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்து தாள், ஐந்து நாள். ஒரு நாளும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் எழுந்துபோய், “எப்படி எழுதுன?” என்று கேட்டேன். ஹால் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நான் இருபத்தாறு படியும் இறங்கி வருவதற்குள் தொண்டூர் பஸ் கிளம்பியிருந்தது.

கடைசித் தாள் எழுதிய அன்று மாலை பேனர் கடைக்காரன் ஒரு செய்தி அனுப்பினான். செட் வழக்கப்படி கேக் காசை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்வார்கள். இதற்கு யாரும் தர மாட்டேன் என்கிறார்களாம். கேக் எழுநூறு, அச்சுக்கூலி இருநூற்று நாற்பது, ‘நீங்க கேட்டுதான சார் செஞ்சோம்’. அன்றே அனுப்பிவிட்டேன். அவளுக்குக் கொடுத்ததோடு சேர்த்து ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.